மஞ்சள் வட்டம்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை தெரிகிறதா பாருங்கள். தொடாமல் எரியாது; தொட்டபடியே இருந்தால் கெட்டுப்போகும்; தள்ளிப் போனால் அணைந்துவிடும்; பக்கத்தில் இருப்பதையெல்லாம் உருக்கும், தான் மட்டும் உருகாது. அது என்ன? அவசரமில்லை, யோசியுங்கள். இந்த விடுகதையை அருளப்பன் தன் மகள் மெர்லினுக்காகக் கட்டி வைத்து மூன்று வாரம் ஆகிறது. தினம் மாலை ஏழு மணிக்குக் கரூருக்குப் போன் செய்தால் அவள் ஒன்று போட வேண்டும், இவர் ஒன்று போட வேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. இதை மட்டும் அவர் போனில் போடவில்லை. நேரில் போட வேண்டும், அவள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு யோசிக்கும்போது விடையை எடுத்து உள்ளங்கையில் வைக்க வேண்டும் என்று அடக்கி வைத்திருந்தார். இதோ, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. துவாக்குடியில் வாடகை வீட்டின் பின்பக்கத் தகரக் கொட்டகையில், ஸ்டூலின் மேல் உட்கார்ந்து, விடையை இரு விரல்களுக்கு நடுவே பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்: சாம்பல் நிறத்தில், தீக்குச்சிப் பருமனில், நுனி மட்டும் பென்சில் போலச் சீவிய ஒரு டங்ஸ்டன் ஊசி. டிக் வெல்டிங்கில் நெருப்பு இந்த நுனியில்தான் நிற்கும். விலை கூடிய மிஷின்களில் ஊசி தொடாமலே நெருப்பு தாவிப் பிடிக்கும். அருளப்பன் வாங்கியது அந்த ஜாதி இல்லை. இதில் ஊசியை இரும்பின் மேல் ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். தொட்டவுடன் எடுக்கவில்லை என்றால் நுனியில் இரும்பு அப்பிக்கொள்ளும், மறுபடி சாணை. ஆகவே விடுகதையின் முதல் வரி மலிவான மிஷினுக்கு மட்டும்தான் பொருந்தும். அதையும் மெர்லினிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். சொன்னால் அவள் சிரிப்பாள். சிரிப்பாள்தானே?

பதினொரு மணிக்கு வருகிறாள். இரண்டரை மணி நேரம் இருக்கிறதே என்று நினைத்தார், இரண்டரை மணி நேரம்தானே இருக்கிறது என்றும் உடனே நினைத்தார். சுவரோரம் சைக்கிள் சாய்ந்து நின்றது. இளம் ஊதா நிறம், முன்னால் ஒரு பிளாஸ்டிக் கூடை, கைப்பிடியில் அவளே சுற்றிய ரிப்பன். சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை, அதாவது புது நன்மை, வாங்கியபோது மாமன் சீராக வந்தது. மேல்குழாய் இருக்கைக் குழாயோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல். டிசம்பர் லீவில் அவள் இங்கே வந்திருந்தபோது அதைக் கண்டுபிடித்தது அருளப்பன்தான். வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. பெயின்ட்தான் வெடித்திருக்கிறதோ என்று ஒரு கணம் தயங்கி, பழைய வேலையிலிருந்து மிஞ்சிய சிவப்புச் சாயத்தை அடித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தூவிப் பார்த்தார். வெள்ளையில் சிவப்புக் கோடு மெல்லக் கசிந்து வந்தது. உண்மையான விரிசல். மனதில் ஒரு திருப்தி வந்தது, அதை மறைக்க முடியாது; சரியாகக் கண்டுபிடித்தோம் என்ற திருப்தி. சுற்றி மஞ்சள் மார்க்கரால் வட்டம் போட்டு, "இனிமே ஏறக்கூடாது" என்றார். அவள் லீவு முழுவதும் அந்தச் சைக்கிளைத் தெருவில் தள்ளிக்கொண்டே நடந்தாள், ஏறவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. எதிர்வீட்டுப் பையன்கள் "என்ன மெர்லின், உன் சைக்கிளுக்குக் கால்ல அடியா?" என்று கேட்டதை இவர் ஜன்னலிலிருந்து கேட்டார். ஏப்ரலில் மறுபடி வந்தாள், ஐந்தாம் வகுப்பு முடிந்திருந்தது. சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "ஸ்கூல் மூணு கிலோமீட்டர்ப்பா. நீங்க ஆறு மணிக்கே டியூட்டிக்குப் போயிடுவீங்க. சைக்கிள் மட்டும் ஓடுச்சுன்னா நான் ஆறாவது இங்கயே படிச்சுக்கறேன்." அந்த 'மட்டும்' அருளப்பன் காதில் இன்னும் இருக்கிறது. அவர் மனைவி ரெஜினா மகளோடு கரூரில் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒன்றரை வருடம். போனில் நிதானமாகச் சொன்னாள்: "அவளே சொல்லட்டும். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீங்களும் பேசாதீங்க." நாளை திங்கட்கிழமை, இரண்டு ஊர்ப் பள்ளிக்கும் சேர்க்கைக்குக் கடைசி நாள். இன்று மெர்லின் சொல்லிவிடுவாள்.

கரூரில் ரெஜினாவின் அண்ணன் சகாயத்துக்குப் பஸ் பாடி கட்டும் பட்டறை. அவர் நல்லவர், அதுதான் சங்கடம். "கொண்டாங்க மாப்ள, டீ ஆறறதுக்குள்ள ஒட்டிக் குடுத்துடறோம்" என்றார். கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் விஷயம் ஏப்ரலிலேயே முடிந்திருக்கும். ஆனால் ரெஜினா வீட்டைவிட்டுப் போன அன்று வாசற்படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்ட கேள்வி ஒன்று இருந்தது. கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறவள் போலக் கேட்டாள்: "இத்தனை வருஷத்துல நீங்க உங்க கையால எதையாவது ஒட்டி வச்சிருக்கீங்களா?" அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மிஷின். மூடிப்போன ஒரு தொழிற்கூடத்தின் மூலையில் கிடந்ததைப் பேரம் பேசி வாங்கினார். வீட்டு மின்சாரத்திலேயே ஓடும் என்றார்கள், ஓடுகிறது, அது ஓடும்போது சமையலறை டியூப்லைட் கண் சிமிட்டுகிறது. ஆர்கான் வாயு சிலிண்டர் வாடகைக்கு, இருப்பதிலேயே குட்டையானது. ஊசியைப் பொருத்தும் கைப்பிடியான டார்ச்சின் தோல் உறை கிழிந்திருந்தது, சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினார். முகமூடி தானாகவே இருளும் வகை, ஆனால் மலிவு. இருள்வதற்கு முன் ஒரு கணம் வெளிச்சம் கண்ணைக் குத்திவிட்டுத்தான் இருளும். ஊசியைச் சாணை பிடிக்கப் புதிதாக ஒரு கல், அதில் வேறு எதையும் தீட்டக்கூடாது. குறுக்கே தீட்டக்கூடாது, நீளவாக்கில் தீட்ட வேண்டும். பழகுவதற்குக் காயலான் கடையிலிருந்து உடைந்த நாற்காலிக் கால்கள். எல்லாம் சேர்ந்த காசுக்குப் புது சைக்கிள் ரெண்டு வாங்கியிருக்கலாம் என்று ரெஜினா சொன்னாளாம், சகாயம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். வாங்கியிருக்கலாம். வாங்கினால் அது வாங்கியது. ஒட்டியது ஆகாதே.

வலது கையில் டார்ச், இடது கையில் கம்பி. ஊசி நுனிக்குக் கீழே இரும்பு உருகிக் குட்டையாய் நிற்கும்போது கம்பியை அதில் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும், ஒரே சீராக, அவசரமும் தாமதமும் இல்லாமல். தொட்டு, எடுத்து, நகர்ந்து, தொட்டு. ரெஜினா தையல் மிஷினில் துணியை இப்படித்தான் தள்ளுவாள், இரண்டு விரலால், தள்ளுகிறோம் என்று துணிக்கே தெரியாத மாதிரி. அதைப் பற்றி இப்போது எதற்கு? ஊசியை டார்ச்சில் பொருத்தினார். அருளப்பன் பதினான்கு வருடம் பாய்லர் குழாய் செய்யும் தொழிற்கூடத்தில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவர். வெல்டர் ஒட்டுவார், இவர் டார்ச் லைட் அடித்துப் பார்ப்பார், குறை இருந்தால் மஞ்சள் வட்டம். வட்டம் போட்டால் போட்டதுதான். அந்த இடத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும். "சார், இந்த அளவு துளைக்குப் புத்தகத்துலயே விலக்கு இருக்கு சார்" என்று கெஞ்சுவார்கள். இருக்கிறதுதான். இருந்தாலும் தெரிந்தே எப்படி விடுவது? கண்ணில் பட்டபின் அது அங்கே இல்லை என்று எப்படி நடந்துபோவது? அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'காமாலை' என்று பெயர், கண்ணில் படுவதெல்லாம் மஞ்சளாம். தெரியும். தொழிற்கூடம் மூடிய பிறகு ஒரு பொறியியல் கல்லூரி வாசலில் வாட்ச்மேன், அடையாள அட்டையில் போட்டோ மங்கியிருந்தால் பையனை நிறுத்திவிடுகிறார். ரெஜினா தையல் கற்று முதன்முதலாக வெளியார் பட்டுப் பிளவுஸ் ஒன்றைத் தைத்து ஹேங்கரில் மாட்டியிருந்தாள். கல்யாணப் பெண்ணுடையது. அவள் குளிக்கப் போயிருந்தபோது இவர் பார்த்தார். கைப்பக்கம் மூன்று தையல் தளர்வாக இருந்தது. உண்மையாகவே இருந்தது, இப்போதும் சொல்வார். சட்டைப் பையில் மார்க்கர் இருந்தது. தையற்காரர்களிடம் இருக்கும் சாக்குக்கட்டி தட்டினால் போய்விடும், இவருடையது இரும்பின் மேல் மழையிலும் நிற்கும் பெயின்ட். போட்ட பிறகுதான் கை என்ன செய்தது என்று தெரிந்தது. தின்னரைத் தொட்டுத் துடைத்தார், வட்டம் போகவில்லை, பட்டின் சாயம் போனது. ரெஜினா ஈரத் தலையோடு வந்து பிளவுஸை ஹேங்கரோடு எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மூணு தையல் லூசா இருந்துச்சு" என்றார் இவர். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதையும் சொன்னார்.

தொட்டு எடுத்தார், நெருப்பு நின்றது. நாற்காலிக் காலின் மேல் ஓர் அங்குலம் போனார், நிறுத்தினார், முகமூடியைத் தூக்கினார். மறுபடி அதேதான். கறுப்பாக, நுரை காய்ந்த மாதிரி, உள்ளே பொடிப் பொடித் துளைகள், ரஸ்க்கை உடைத்துப் பார்த்தது போல. ஐந்து வாரமாக இதே ரஸ்க். இரும்பை எமரித் தாளால் தேய்த்தாயிற்று, தின்னரால் துடைத்தாயிற்று, கம்பியைக்கூடத் துடைத்தாயிற்று. போனில் பார்த்துப் பழகும் வெல்டிங் வீடியோவில் ஒரு பொடியன் "காத்து உள்ள போகாம ஆர்கான்தாங்க காவல் காக்குது, அண்ணனுங்களா" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். காவல் போதவில்லை என்று வாயுவைக் கூட்டிக்கொண்டே போனார்; ரெகுலேட்டரின் கண்ணாடிக் குழாயில் எட்டில் மிதக்க வேண்டிய சின்னக் குண்டு இப்போது இருபதில் நிற்கிறது. அப்படியும் ரஸ்க். சர்ச்சில் இரண்டாம் பூசைக்கு மணி அடித்தது, அப்படியென்றால் ஒன்பது. கரூரிலிருந்து கிளம்பியிருப்பார்கள். குளித்தலையில் சகாயம் வண்டியை நிறுத்தி அவளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுப்பார், அவருக்கு அப்படி நிறுத்தி வாங்கிக் கொடுக்கத் தெரியும். அருளப்பன் எழுந்து ஊசியைச் சாணை பிடிக்கப் போனார். கொட்டகையில் இரண்டே பிளக். ஒன்றில் வெல்டிங் மிஷின், மற்றதில் டேபிள் பேன். பேனைப் பிடுங்கிச் சாணையைச் செருகினார், தீட்டினார், வந்து உட்கார்ந்தார். மே மாதத் தகரத்தின் அடியில் வேர்வை புருவத்தைத் தாண்டி இறங்கியது. துடைக்காமல் தொட்டு எடுத்தார். ஏதோ வேறாக இருந்தது. நெருப்பு நடுங்கவில்லை, ஒரே சத்தமாக, மெல்லிய சீறலாக நின்றது. அடியில் குட்டை கண்ணாடி போலப் பளபளத்தது. முகமூடியைத் தூக்கியபோது அங்கே வெள்ளி நிறத்தில் சின்னச் சின்ன அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன, சில்லறைக் காசுகளைச் சரித்து வைத்தது போல. ஒரு துளை இல்லை. அருளப்பன் அதையே பார்த்தார். பிறகு தரையில் கழன்று கிடந்த பேன் வயரைப் பார்த்தார்.

பேன். ஐந்து வாரமும் முதுகுக்குப் பின்னால் பேன் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்கான் ஒரு பக்கம் காவல் நிற்க நிற்க இவரே மறுபக்கம் அதை ஊதித் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். சிரிப்பு வரவில்லை. 'துளைகள் – காற்றோட்டம் உள்ளதா என்று பார்க்கவும்' என்று தன் கையெழுத்தில் எத்தனை படிவங்களில் எழுதியிருப்பார், முந்நூறா, நானூறா? எழுதியது தெரியும். எழுதுவதற்குத் தெரிந்திருந்தது, உட்கார்ந்து ஒட்டுகிறவனின் முதுகில் ஒழுகும் வேர்வை தெரியாது. இருதயராஜ் என்று ஒரு வெல்டர், காதில் பீடித் துண்டு செருகியிருப்பான், தான் ஒட்டும் இடத்துக்குப் பக்கத்து ஜன்னலில் கோணிச்சாக்கு கட்டுவான். "எடுய்யா அதை, எனக்கு வெளிச்சம் வேணும்" என்று அருளப்பன் அவிழ்க்கச் சொன்னார். "காத்து சார்" என்றான். "மேல பேனே ஓடல, எங்கய்யா காத்து?" அந்த மாதம் அவன் ஒட்டியதில் பாதிக்கு மஞ்சள் வட்டம். அடுத்த மாதம் அவன் வேலையில் இல்லை. போகும்போது, "சார், ஒருநாள் நீங்க ஒக்காந்து ஒட்டிப் பாருங்க" என்றான். சாபமாகச் சொல்லவில்லை, பீடியைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னான். ஏன் எல்லோரும் இவரிடம் கோபப்படாமலே இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்? கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். சரி, இப்போது உட்கார்ந்தாயிற்று இருதயராஜ், உட்கார்ந்து பார்த்தாயிற்று. அருளப்பன் எழுந்து கொட்டகைக் கதவைச் சாத்தினார். கதவுக்கடியில் இருந்த இடைவெளியில் ஒரு சாக்கை மடித்து வைத்தார். கோணிச்சாக்குதான்.

மணி பத்தடிக்கப் பத்து நிமிடம். சைக்கிளைக் குப்புறக் கவிழ்த்து, பிறகு சரியில்லை என்று படுக்கவைத்து, விரிசலைச் சுற்றி ஊதா பெயின்டையும் பழைய மஞ்சள் வட்டத்தையும் தேய்த்து எடுத்தார். ஊதாவுக்கு அடியில் சாம்பல், சாம்பலுக்கு அடியில் பளிச்சென்று இரும்பு. குழாய் மெல்லியது, மூச்சைப் போல என்று தோன்றியது, சகாயத்தின் பட்டறையில் தகடுகள் தடிமனாக இருக்கும், அங்கே இதை ஒட்டும் பையன் பாட்டுப் பாடிக்கொண்டே ஒட்டியிருப்பான். நினைக்காதே. தொட்டு, எடுத்து. நெருப்பு நின்றது. உலகத்தில் இப்போது ஒரு பச்சை வட்டம்தான் இருந்தது, முகமூடிக் கண்ணாடி வழியாக, அதன் நடுவில் ஒரு மிளகளவு குட்டை. கம்பி தொட்டது. நகர்ந்தது. தொட்டது. அந்த இரண்டு நிமிடம் அருளப்பன் எதையும் நினைக்கவில்லை. அது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது, எதையும் நினைக்காமல் இருந்தோம் என்று, கடைசியாக எப்போது அப்படி இருந்தோம் என்றும் தெரியவில்லை. முகமூடியைத் தூக்கினார். விரிசல் இருந்த இடத்தில் வெள்ளி அலைகள் ஒரு மோதிரத்தின் பாதி மாதிரி குழாயைச் சுற்றி நின்றன, ஓரத்தில் இளநீல நிழல். தையல், என்று நினைத்தார். ரெஜினா தைத்தது போலவே இருக்கிறது. எதையாவது ஒட்டி வச்சிருக்கீங்களா? இதோ. அவர் வாய்விட்டே சொன்னார், கொட்டகையில் யாரும் இல்லை, "இதோ" என்றார். ஆறட்டும். ஆறினதும் நிமிர்த்தி வைத்து, அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடிக்காமல் விடலாம், மெர்லின் விரலால் தடவிப் பார்க்கட்டும். பதினொன்றாக இன்னும் ஐம்பது நிமிடம். கை கழுவி, சட்டை மாற்றி, வாசலில் உட்கார்ந்திருக்கலாம்.

உட்கார்ந்திருக்கலாம். நீங்களும் நானும் என்றால் உட்கார்ந்திருப்போம். அலமாரியில் சாயப் புட்டிகள் இருந்தன, வெள்ளை மூடியும் சிவப்பு மூடியும். கடைசியாக ஒரு தடவை. பிள்ளை ஏறுகிற வண்டி, பார்க்காமல் எப்படிக் கொடுப்பது, பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதே. காரணம் சரியாகத்தான் இருந்தது, அவருடைய காரணங்கள் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். சிவப்பை அடித்தார். பத்து நிமிடம் காத்திருந்தார். துடைத்தார். வெள்ளையைத் தூவினார். வெள்ளைப் பரப்பு வெள்ளையாகவே இருந்தது, இருந்தது, இருந்துகொண்டே இருக்கும்போது ஓரத்தில், அலை முடிகிற இடத்தில், ஒரு சிவப்புப் புள்ளி. கொசு கடித்த இடம் போல. வளரவில்லை. அப்படியே நின்றது. ஊசித்துளை, ஒரே ஒரு ஊசித்துளை, இந்த அளவுக்குப் புத்தகத்திலேயே விலக்கு உண்டு, எந்தப் பக்கம், எந்த வரி என்றுகூட அவருக்குத் தெரியும். பாய்லரின் அழுத்தத்தையே தாங்கும் என்று எழுதியிருக்கிறது, பதினொரு வயதுப் பிள்ளையின் எடை என்ன எடை. விட்டுவிடு என்று ஒரு குரல் சொன்னது, அது இருதயராஜின் குரலா, தன்னுடையதா என்று பார்ப்பதற்குள் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. மூடி கழன்ற சத்தம் கேட்டது. புள்ளியைச் சுற்றி மஞ்சள் வட்டம், நேர்த்தியான வட்டம், பதினான்கு வருடத்தில் அவர் வட்டம் ஒருபோதும் கோணியதில்லை. இப்போது அது அங்கே இருக்கிறது. மெர்லின் வந்து பார்ப்பாள், "இது என்னப்பா?" என்பாள், குறை என்று சொல்ல வேண்டும். தின்னரால் துடைக்கலாம். துடைத்தால் வட்டம் போகும், புள்ளி தனக்குள் இருக்குமே, அவள் ஒவ்வொரு நாள் காலையும் மூன்று கிலோமீட்டர் போகும்போது கல்லூரி வாசலில் நின்றுகொண்டு அதையே நினைக்க வேண்டுமே. மணி பத்தரை. ஒரு புள்ளிதான், எமரித் தாளால் லேசாகத் தேய்த்து மேலே ஒரு சொட்டு. ஐந்து நிமிட வேலை.

சாயம் துளைக்குள் இறங்கியிருந்ததை அவர் மறக்கவில்லை. அதையும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறார், சோதனைச் சாயம் முழுதும் நீங்கிய பின்னரே மறுபடி ஒட்டவும் என்று. துடைத்தார், போதுமென்று நினைத்தார். தொட்டு எடுத்ததும் நெருப்பு துப்பியது. உள்ளே இருந்த எண்ணெய் கொதித்துக் குட்டை பொங்கியது, ஒரு துளைக்குப் பதிலாக ஐந்து. மூடிவிடலாம் என்று அங்கேயே நின்றார். மெல்லிய குழாயில் ஒரே இடத்தில் நிற்கக்கூடாது, நின்றார், கம்பியைத் தள்ளினார், அவசரமாகத் தள்ளினார், அப்போது சீறல் சத்தம் மெலிந்தது. நெருப்பு வெளிறி நடுங்கியது. அவருக்கு உடனே தெரிந்தது. கண்ணாடிக் குழாயில் குண்டு இறங்கிக்கொண்டிருக்கும், இருபது, பத்து, மூன்று. பேனுக்கு ஈடுகொடுக்க ஐந்து வாரம் வாரி இறைத்த வாயு. நிறுத்தியிருக்க வேண்டும், ஒரு விநாடி கூடுதலாக நின்றார், அந்த ஒரு விநாடியில் இரும்பு உள்வாங்கி, சிவந்து, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்தது. டார்ச்சை இழுத்தபோது ஊசி அதன் விளிம்பில் இடித்து நுனி உடைந்தது. முகமூடியைத் தூக்கினார். குண்டு அடியில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை, வாயுக் கடை பூட்டியிருக்கும். ஓட்டையைச் சுற்றி மஞ்சள் வட்டம் பாதி கருகி, பாதி அப்படியே இருந்தது. கதவடியில் சாக்கைத் தாண்டித் தெருவிலிருந்து கார் கதவு சாத்தும் சத்தம் வந்தது. "அப்பா!"

அருளப்பன் கதவைத் திறந்தபோது அவள் கொஞ்சம் உயர்ந்திருந்தாள், இரட்டைச் சடை ஒற்றைச் சடையாகியிருந்தது. கையில் குளித்தலையில் வாங்கிய முறுக்குப் பொட்டலம். பின்னால் சகாயம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, கொட்டாயா, இட்லிக் குண்டானா? கதவச் சாத்திக்கிட்டு உள்ள வெந்துக்கிட்டிருக்கீங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் கண் சைக்கிள் மேல் போனது, சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மெர்லின் குனிந்து, முழங்காலில் கை ஊன்றி, ஓட்டையைப் பார்த்தாள். பிறகு ஓட்டைக்குப் பக்கத்தில் கெடாமல் மிஞ்சியிருந்த வெள்ளி அலைகளை விரலால் தடவிப் பார்த்தாள். தடவுவாள் என்று அவர் நினைத்த அதே மாதிரி.

"இந்தப் பக்கம் நல்லா இருக்கேப்பா. நீங்களா ஒட்டுனீங்க?"

"ஆமாம்மா."

"முதல்ல முழுசும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஒரு ஓரத்துல ஊசித்துளை."

"எவ்வளவு பெருசு?"

அவர் விரல் நகத்தின் ஓரத்தைக் காட்டினார். அவள் அதைக் கவனமாகப் பார்த்தாள்.

"அதோட ஓட்டியிருந்தா ஒடஞ்சிருக்குமா?"

ஒடஞ்சிருக்கும் என்று சொல்லலாம். ஒரு சொல்தான். பதினான்கு வருடத்தில் ஒரு பொய் ரிப்போர்ட் எழுதியதில்லை என்ற பெருமை இந்த நேரத்தில் எங்கிருந்தோ வந்து வாய்க்குள் உட்கார்ந்துகொண்டது.

"ஒடஞ்சிருக்காது" என்றார்.

மெர்லின் நிமிர்ந்தாள். தலையாட்டினாள். டிசம்பரில் 'ஏறக்கூடாது' என்று சொன்னபோதும் இப்படித்தான் ஆட்டினாள்.

"விடுங்க மாப்ள" என்றார் சகாயம். "கார் டிக்கியில போட்டுக்கறேன். நாளைக்கே நம்ம பசங்க அடைச்சுக் குடுத்துடுவாங்க. ஸ்கூல் திறக்க இன்னும் ரெண்டு வாரம் இருக்கு, நானே கொண்டாந்து இங்க விட்டுட்டுப் போறேன். பாப்பா எங்க படிச்சாலும் வண்டி வேணும்ல?" அவர் உண்மையாகவே சொன்னார். வழி இன்னும் இருந்தது, அருளப்பனுக்கும் அது தெரிந்தது. அவர் மெர்லினின் முகத்தைப் பார்த்தார், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கன்னத்தில் முறுக்குத் துணுக்கு ஒட்டியிருப்பதும், புதுச் சட்டையில் ஒரு பட்டன் வேறு நிற நூலால் தைத்திருப்பதும் கண்ணில் பட்டன. ரெஜினா அவசரத்தில் தைத்திருப்பாள். வெள்ளைக்குப் பதில் வெளிர் மஞ்சள் நூல். அவர் பார்ப்பதை மெர்லின் பார்த்தாள். கையால் பட்டனை மூடிக்கொண்டாள்.

"இன்னைக்கு விடுகதை இல்லையாப்பா?"

டார்ச்சிலிருந்து கழற்றி வைத்திருந்த உடைந்த ஊசி அவர் இடது கையுறைக்குள் இன்னும் சூடாக இருந்தது.

"இல்லம்மா."

சகாயம் தொண்டையைச் செருமினார். "சரி, உங்கம்மா கேக்கச் சொன்னா, நான் கேட்டுடறேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். நீ எங்க சேர்ற, பாப்பா?"

கரூரில் சேர்ந்துகொள்கிறேன் என்று மெர்லின் சொன்னாள்.